நுண்ணலை உணரிக்கு எதை அளவுகோலாக வைப்பது: துருவப் பனியா, கடலா, காடா?

செயற்கைக்கோளில் உள்ள ஒரு நுண்ணலை ரேடியோமீட்டரின் (பூமி தானாகவே உமிழும் நுண்ணலைக் கதிரை அளந்து, கெல்வினில் ‘ஒளிர்வு வெப்பநிலை’யாகச் சொல்லும் கருவி) தரவை வைத்துப் பத்தாண்டுக்கான காலநிலைத் தொடர் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏவுவதற்கு முன் ஆய்வகத்தில் அந்தக் கருவியைச் சரிபார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் மேலே போன பிறகு அதன் அலைவாங்கி ஒவ்வொரு சுற்றிலும் வெயிலில் காய்ந்து நிழலில் உறைகிறது. பூச்சு தேய்கிறது, மின்னணுப் பாகங்களுக்கு வயதாகிறது. ஐந்தாம் ஆண்டில் அது காட்டும் 200 கெல்வினும் முதல் ஆண்டில் காட்டிய 200 கெல்வினும் ஒன்றுதானா? இதைச் சொல்லக் கருவிக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். எந்தச் சாட்சியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த அதிர்வெண், அதிலும் 1.4 கிகாஹெர்ட்ஸ் எல்-பட்டை, துருவங்களைத் தொட்டுச் செல்லும் சுற்றுப்பாதை, கருவியின் அளவீடு மெல்ல நகர்ந்துபோகும் நீண்டகாலச் சறுக்கலைப் பிடிப்பது நோக்கம் என்ற மூன்றும் சேர்ந்தால், கிழக்கு அண்டார்க்டிகாவில் உள்ள டோம் சி பீடபூமிக்கு இணையாக வேறு இடம் கிடையாது. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் பதில் மாறும். ‘துருவப் பனி நிலையானது’ என்று பொத்தாம்பொதுவாக நம்பி இறங்கினால் வேலை கெட்டுவிடும்.

கருவிக்குள்ளேயே சரிபார்ப்பு இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பதுண்டு. வழக்கமான ரேடியோமீட்டர் ஒவ்வொரு சுழற்சியிலும் வெப்பநிலை தெரிந்த ஒரு சூடான உறிஞ்சியையும், ஒரு சிறு கண்ணாடி வழியாக 2.7 கெல்வின் விண்வெளிப் பின்னணியையும் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டால் அளவீடு கிடைத்துவிடும். எளிமையான, அழகான முறை. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான வடிவமைப்புகளில் அந்த உறிஞ்சியும் கண்ணாடியும் முதன்மைத் தட்டுக்கு (பூமியின் கதிரைக் குவிக்கும் பெரிய அலைவாங்கித் தட்டு) பின்னால் இருக்கின்றன. பூமியிலிருந்து வரும் கதிர் தட்டில் பட்டுத்தான் உள்ளே வருகிறது. சரிபார்ப்புக் கதிரோ தட்டைப் பார்ப்பதே இல்லை. தட்டு கெட்டால் உள் சரிபார்ப்புக்கு அது தெரியவே தெரியாது.

இது உண்மையிலேயே நடந்தது. 1997-இல் ஏவப்பட்ட டிஆர்எம்எம் என்ற மழை அளக்கும் செயற்கைக்கோளின் நுண்ணலைப் படமியில் தட்டு முழுமையாகப் பிரதிபலிக்காமல் தானும் கொஞ்சம் கதிரை உமிழ்ந்தது. 2003-இல் ஏவப்பட்ட அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோளான டிஎம்எஸ்பி எஃப்-16-இன் எஸ்எஸ்எம்ஐஎஸ் கருவியிலும் தட்டு உமிழ்ந்தது. போதாக்குறைக்குச் சூரிய ஒளி சூடான உறிஞ்சியின் மேல் விழுந்து அதன் அளவையும் குழப்பியது. அக்வா செயற்கைக்கோளின் ஏஎம்எஸ்ஆர்-ஈ கருவியில் உறிஞ்சியின் வெப்பநிலையே இடத்துக்கு இடம் வேறுபட்டது. உள் சரிபார்ப்பு இல்லாமல் முடியாது, அதை மட்டும் வைத்துக்கொண்டும் முடியாது. முழுக் கருவியையும், தட்டு உட்பட, ஒரே வீச்சில் சோதிக்கப் பூமியின் மீதே ஓர் இலக்கு வேண்டும்.

அந்த இலக்குகளில் டோம் சி-யை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சொல்வதற்கு அதிகம் இருப்பது அங்கேதான்.

தெற்கு அட்சரேகை 75 பாகையில், கடல் மட்டத்திலிருந்து 3,233 மீட்டர் உயரத்தில் உள்ள இடம் அது. பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா ஆய்வு நிலையம் அங்கே இருக்கிறது. கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான பனிக்கட்டி. ஆண்டுச் சராசரி வெப்பநிலை கிட்டத்தட்ட −54 பாகை செல்சியஸ். ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் பனி சேர்கிறது. கடற்கரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அலைவாங்கியின் பக்க மடல்களில் (நேராகப் பார்க்கும் திசைக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கதிரை வாங்கும் பகுதிகள்) கடல் வந்து கலப்பதில்லை. தரை சமதளம். காற்றில் நீராவி மிக மிகக் குறைவு. எல்-பட்டையில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தலைவலி தரும் மனித வானொலிக் குறுக்கீடு அங்கே இல்லை என்றே சொல்லலாம். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை சட்டப்படி காக்கப்பட்ட பட்டைதான் என்றாலும், நடைமுறையில் அந்தக் காவல் பல இடங்களில் மீறப்படுவதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இவையெல்லாம் இரண்டாம் பட்சம். டோம் சி-யின் உண்மையான பலம் ஊடுருவல் ஆழத்தில் இருக்கிறது. உலர்ந்த, குளிர்ந்த பனி 1.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அதனால் செயற்கைக்கோளுக்கு வந்து சேரும் கதிர் மேற்பரப்பிலிருந்து வருவதில்லை, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரையுள்ள பனி மொத்தமும் சேர்ந்து அனுப்புகிறது. கோடை, குளிர்காலம் என்ற வெப்ப ஏற்ற இறக்கமோ மேலே உள்ள 10 மீட்டருக்குள் அடங்கிப்போகிறது. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலை. 300 மீட்டர் ஆழத்தில் உள்ள பனி ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழையது. இந்த ஆண்டு மேலே என்ன வானிலை என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

2022 மார்ச் மாதத்தில் இதற்கு ஒரு கடுமையான சோதனை வந்தது. ஈரக் காற்றோட்டம் ஒன்று பீடபூமிக்குள் புகுந்து, கான்கார்டியாவில் வெப்பநிலை −12 பாகை வரை ஏறியது. அந்தப் பருவத்தின் வழக்கத்தைவிட ஏறத்தாழ 40 பாகை அதிகம். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் உணரிக்கு இது பெரிய குலுக்கல். ஆனால் சில நாள் வெப்பம் பனிக்குள் ஒரு மீட்டர் அளவுக்குக்கூட ஒழுங்காக இறங்காது. நூற்றுக்கணக்கான மீட்டரைச் சேர்த்துப் பார்க்கும் எல்-பட்டை உணரிக்கு அந்த ஒரு மீட்டர் கணக்கில் வருமா?

இதே காரணம்தான் உயர் அதிர்வெண்ணில் டோம் சி-யைக் கவிழ்த்துவிடுகிறது. 37 கிகாஹெர்ட்ஸில் ஊடுருவல் ஓரிரு மீட்டர் அளவுதான். அந்த ஆழம் முழுவதும் பருவத்தோடு சூடாகிக் குளிரும் பகுதி. எனவே ஒளிர்வு வெப்பநிலை ஆண்டுதோறும் பல கெல்வின் ஏறி இறங்கும். 19 கிகாஹெர்ட்ஸில் ஆட்டம் குறையும், 6.9-இல் இன்னும் குறையும். நிலைத்தன்மை என்பது பனியின் குணம் மட்டும் இல்லை, பனியும் அதிர்வெண்ணும் சேர்ந்து தரும் குணம். டோம் சி-யை எல்லா அலைவரிசைக்கும் பொது அளவுகோலாக முன்வைக்கும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான்.

துருவமுனைப்பிலும், அதாவது அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதிலும், கவனம் வேண்டும். செங்குத்து, கிடை என்ற இரண்டில் செங்குத்தைத்தான் நம்ப வேண்டும். பனிப் பரப்பை ஏறத்தாழ 50 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் பார்க்கும்போது செங்குத்துக் கதிர் பரப்பிலும் உள் அடுக்குகளிலும் கிட்டத்தட்டப் பிரதிபலிக்காமல் கடந்து வருகிறது. புரூஸ்டர் கோணம் என்று இயற்பியலில் படிப்பது இதைத்தான். கிடைக் கதிருக்கு அந்தச் சலுகை இல்லை. அடர்த்தி மாறும் ஒவ்வொரு அடுக்கும் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். புதுப் பனி விழுந்தாலும், காற்று பரப்பை இறுக்கினாலும், கிடை அளவீடு நகரும். எல்-பட்டைச் செயற்கைக்கோள்களில் அமெரிக்காவின் எஸ்எம்ஏபி 40 பாகையில் பார்க்கிறது, ஐரோப்பாவின் எஸ்எம்ஓஎஸ் பல கோணங்களில் பார்க்கிறது. உங்கள் கருவி பார்க்கும் கோணம் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் எவ்வளவு நிலைத்தன்மை கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டும். எல்-பட்டையில் அயனிமண்டலம் துருவமுனைப்புத் தளத்தைத் திருப்பிவிடும் சிக்கலும் உண்டு. செங்குத்து, கிடை இரண்டையும் கூட்டிய அளவு அந்தத் திருப்பத்தால் மாறாது என்பதால், சந்தேகம் வரும்போது கூட்டுத்தொகையைப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு இருந்தாலும், பனி எத்தனை கெல்வின் என்பதை யார் சொல்வது? மாறாமல் இருப்பது வேறு, மதிப்பு தெரிந்திருப்பது வேறு. முத்திரை குத்தாத எடைக்கல்லும் எடை மாறாமல் இருக்கும். ஆனால் அது எத்தனை கிலோ என்று யாராவது ஒருமுறை நிறுத்துச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்த வேலையைத்தான் டோமெக்ஸ் சோதனை செய்தது. இத்தாலியின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் நகரக் குழு, கான்கார்டியாவில் ஒரு கோபுரத்தின் மேல் எல்-பட்டை ரேடியோமீட்டர் ஒன்றைப் பொருத்திப் பனியைப் பார்க்க வைத்தது. 2004-05 கோடையில் முதல் முயற்சி, எஸ்எம்ஓஎஸ் 2009 நவம்பரில் ஏவப்பட்ட காலத்தை ஒட்டி இரண்டாவது, பிறகு மூன்றாவது. செங்குத்து அளவீடு 200 கெல்வினைச் சற்றுத் தாண்டிய இடத்தில், ஆண்டு முழுவதும் ஒரு கெல்வினுக்கும் குறைவான ஆட்டத்தோடு நிற்பதை அது காட்டியது. பிப்ரவரி முதல் நவம்பர் வரை விமானமே போகாத இடத்தில், குளிர்காலத்தில் −70 பாகைக்கும் கீழே, ஒரு நுட்பமான கருவியை ஓட விட்டு எடுத்த எண் அது. அந்தக் குழுவின் உழைப்பு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

கோபுரம் பார்ப்பது சில மீட்டர் பரப்பு. செயற்கைக்கோள் பார்ப்பது 40 கிலோமீட்டர் அகலம். இந்த இடைவெளியை நிரப்ப 2013 ஜனவரியில் டோமெக்ஏர் என்ற விமானப் பயணத்தை ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் நடத்தின. கான்கார்டியாவை நடுவில் வைத்து 350 கிலோமீட்டர் சதுரத்தை ரேடியோமீட்டரோடு பறந்து அளந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே வெள்ளையாகத் தெரியும் அந்தப் பரப்பு எல்-பட்டையில் முழுக்கச் சீரானதாக இல்லை. இடத்துக்கு இடம் வேறுபாடு தெரிந்தது. கீழே பாறை மேடுபள்ளம், பனித் தடிமன், பனிக்கு அடியில் இருக்கும் ஏரிகள் எல்லாம் வெப்பநிலை அடுக்கை மாற்றுகின்றன. எனவே ‘டோம் சி பகுதி’ என்று பெரிய வட்டம் போட்டுச் சராசரி எடுப்பதைவிட, நிலையத்தைச் சுற்றியுள்ள சிறு பகுதியின் மேல் கடந்த அளவீடுகளை மட்டும் எடுப்பதே மேல். துருவத்தைத் தொடும் சுற்றுப்பாதை என்றால் அந்த அட்சரேகையில் கடப்புகள் நெருக்கமாக இருக்கும். எண்ணிக்கைக்குக் குறைவு வராது.

இன்னொரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. மே தொடக்கம் முதல் ஆகஸ்ட் வரை கான்கார்டியாவில் சூரியன் உதிப்பதில்லை. எஸ்எம்ஓஎஸ் போன்ற குறுக்கீட்டுமானிக் கருவிகளில் (பல சிறு அலைவாங்கிகளின் அளவீட்டைச் சேர்த்துப் படமாக்குபவை) சூரியன் படத்துக்குள் புகுந்து தடம் விடுவது ஒரு தொல்லை. பனி மாறாமல் இருக்கும்போது கோடைக் கடப்புக்கும் குளிர்காலக் கடப்புக்கும் வித்தியாசம் தெரிந்தால், அந்த வித்தியாசம் கருவியிலிருந்தோ சூரியனிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் கிரீன்லாந்து? அங்கேயும் சம்மிட் நிலையம் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். 2012 ஜூலையில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் கிட்டத்தட்ட முழு மேற்பரப்பும், உச்சி உட்பட, உருகியது. 2021 ஆகஸ்டில் சம்மிட்டில் மழையே பெய்தது. பனிக்குள் ஒரு துளி திரவ நீர் வந்தாலே நுண்ணலை உறிஞ்சுதல் பல மடங்காகிவிடும். ஊடுருவல் ஆழம் சரிந்துவிடும். உருகி மறுபடி உறைந்த நீர், கெட்டிப் பனிக்கட்டி அடுக்காக அங்கேயே தங்கிப் பல ஆண்டுக்கு அளவீட்டை மாற்றி வைக்கும். அளவுகோலாகக் கிரீன்லாந்தை நான் சேர்க்க மாட்டேன். உருகலைக் கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு அது அருமையான இடம், அது வேறு.

கடற்பனியை இந்தப் பேச்சில் இழுப்பது இன்னும் தவறு. உப்பு, தடிமன், வயது, மேலே கிடக்கும் பனி எல்லாமே மாறிக்கொண்டிருக்கும் பொருள் அது. கடற்பனிப் பரப்பைக் கணக்கிடும் வழிமுறைகள் ‘முழுப் பனி’, ‘வெறும் நீர்’ என்று இரண்டு ஆதாரப் புள்ளிகளைப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் அது வழிமுறையைப் பொருத்துவது. உணரியைத் திருத்துவது ஆகாது.

அடுத்து கடல். இங்கே உள்ள வழி புத்திசாலித்தனமானது. கிறிஸ்டோபர் ரஃப் 2000-இல் முன்வைத்த முறை இது: உலகக் கடல் முழுவதும் ஏராளமான அளவீடுகளை எடுத்து, அவற்றில் மிகக் குளிர்ந்த எல்லை எங்கே முடிகிறது என்று பார்ப்பது. மேகமும் காற்றும் நீராவியும் கடலின் ஒளிர்வு வெப்பநிலையை ஏற்றத்தான் செய்யும். தெளிந்த வானமும் அமைதியான நீரும் சேரும்போது வரும் அடிமட்டத்தை நீரின் இயற்பியலே தீர்மானிக்கிறது. அந்த அடிமட்டம் நகர்ந்தால் கருவி நகர்ந்திருக்கிறது என்று பொருள். கடல் மட்டத்தை அளந்த டோபெக்ஸ் செயற்கைக்கோளின் ரேடியோமீட்டரில் இருந்த சறுக்கலை இப்படித்தான் கண்டார்கள். கடல் மட்ட உயர்வை மில்லிமீட்டரில் அளக்கும் திட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலின் பெரிய சாதகம், எல்லாச் சுற்றுப்பாதைக்கும் கடல் கிடைக்கும். டிஆர்எம்எம் 35 பாகை அட்சரேகையைத் தாண்டவில்லை. அதன் வழித்தோன்றலான ஜிபிஎம் மையச் செயற்கைக்கோள் 65-ஐத் தாண்டாது. அவற்றுக்கு டோம் சி என்ற பேச்சே இல்லை. 18, 23, 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கும் கடல்தான் பொருத்தம். குறை என்னவென்றால், எல்-பட்டையில் கடல் ஒரு கண்ணாடி மாதிரி நடந்துகொள்கிறது. பால்வீதியின் கதிரையும் சூரியனையும் திருப்பி அனுப்புகிறது. காற்றின் வேகம் தெரிய வேண்டும், நுரை தெரிய வேண்டும், உப்பு தெரிய வேண்டும். உப்பை அளக்கப் போகும் கருவியை உப்பு தெரிந்த கடலை வைத்துத் திருத்தினால், வட்டத்துக்குள் சுற்றும் ஆபத்தும் உண்டு.

காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமேசானின் அடர்காடு ஏறத்தாழ 280 கெல்வினுக்கு மேல் இருக்கும் வெப்பமான இலக்கு. கோணம் மாறினாலும் துருவமுனைப்பு மாறினாலும் பெரிதாக மாறாது, அது பெரிய வசதி. காற்றுமானிகளும் (கடல்மேல் வீசும் காற்றை அளக்கும் ரேடார் கருவிகள்) பிற ரேடார்களும் அதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் பகல் இரவு என்று வெப்பநிலை ஆடும். கடப்பு நேரம் மெல்ல நகரும் செயற்கைக்கோளில் இது சறுக்கலாகத் தோன்றிவிடும். எல்-பட்டையில் இலைக்கூரை வழியாகக் கீழே வெள்ளம் தெரியும். காடும் அழிந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு செயற்கைக்கோளோடு ஒப்பிடுவதும் ஒரு வழிதான். ஜிபிஎம்மின் ஜிஎம்ஐ கருவி கவனமாகத் திருத்தப்பட்டதால் மற்ற கருவிகளை அதனோடு பொருத்துகிறார்கள். இந்த வழிக்கு உயிர், இரண்டு கருவிகளும் ஒரே சமயத்தில் மேலே இருப்பது. 1978-இல் தொடங்கிய கடற்பனித் தொடரில் நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் கருவிக்கும் 1987-இல் வந்த எஸ்எஸ்எம்/ஐ கருவிக்கும் கிடைத்த பொதுக்காலம் சில வாரங்கள்தான். ஆர்க்டிக் கடற்பனி எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கான நீண்ட பதில் அந்தச் சில வாரக் கோடைப் பனியின் மேல் போட்ட பாலத்தின் மீது நிற்கிறது. மாறாத ஓர் இலக்கு இருந்தால் இடைவெளி விழுந்தாலும் இரண்டு பக்கத்தையும் இணைக்கலாம். பொதுக்காலம் விழுந்துபோனால் அதைத் திரும்ப வாங்க முடியாது. டோம் சி-மேல் எனக்கு இருக்கும் பற்றுக்கு இதுதான் முதல் காரணம்.

சரி, தேர்வுக்கு வருவோம். நான் முதலில் கேட்பது, நீங்கள் அளக்கப்போகும் பொருள் ஒளிர்வு வெப்பநிலை அளவில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை. எல்-பட்டையில் கடல் ஏறத்தாழ 70 முதல் 130 கெல்வின். டோம் சி 200-ஐ ஒட்டி. காடு 280. கடல் உப்பு வேண்டும் என்றால் கீழ்முனைதான் முக்கியம். வெதுவெதுப்பான நீரில் உப்பு ஓர் அலகு மாறினால் அரை கெல்வின் அளவுக்குத்தான் மாற்றம், குளிர்ந்த நீரில் அதைவிடக் குறைவு. அங்கே குளிர் வானத்தையும் கடலையும் முதன்மையாக வைத்து, டோம் சி-யைச் சறுக்கலுக்குக் காவலாக மட்டும் வையுங்கள். மண் ஈரம் என்றால் அளவீடு 180 முதல் 290 வரை பரவும். அதன் நடுவே நிற்கும் ஒரே நிலையான இலக்கு டோம் சி. இரண்டு முனைகளையும் சரியாகத் திருத்திய கருவிகூட, நேர்கோட்டிலிருந்து விலகினால் நடுவில்தான் தவறும். அந்தத் தவற்றைக் கடலும் காடும் காட்டிக்கொடுக்காது.

மழை, நீராவி, மேகநீர் போன்றவற்றுக்கான 19 கிகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் என்றால், பனியை விட்டுவிட்டுக் கடலின் குளிர் எல்லையும் கருவிகளுக்கு இடையேயான ஒப்பீடும் என்று போகலாம். ஐரோப்பா தயாரித்துவரும் சிஐஎம்ஆர் என்ற நுண்ணலைச் செயற்கைக்கோள் திட்டத்தில் 1.4 முதல் 36.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஐந்து பட்டைகள் ஒரே தட்டின் வழியாக வரும். அதற்கு ஒரே பதில் பொருந்தாது: 1.4-க்கும் ஓரளவு 6.9-க்கும் டோம் சி, மேலே உள்ளவற்றுக்குக் கடல். ஒரே தட்டு என்பதால் ஒரு பட்டையில் கண்ட தட்டுக் கோளாறு மற்றவற்றுக்கும் துப்புக் கொடுக்கும்.

பணம் ஒரு பகுதிக்குத்தான் இருக்கிறது என்றால், புதிய மாதிரிக் கணக்கீடுகளைவிடக் கான்கார்டியாவின் கோபுரத்தை ஓட வைப்பதற்குக் கொடுப்பேன். அது நின்றுபோனால் பனி அதே நிலையில் இருக்கும், அதன் மதிப்பு நமக்கு உறுதியாகத் தெரியாமல் போய்விடும். அப்புறம், ஏவிய முதல் மாதத்திலிருந்தே டோம் சி-யின் மேல் கடந்த அளவீடுகளைத் தனிக் கோப்பில் சேருங்கள்: கோணம் வாரியாக, துருவமுனைப்பு வாரியாக, அலைவாங்கியின் வெப்பநிலையோடு சேர்த்து. கிடை அளவீட்டைத் தூக்கி எறியாமல் தனியே வையுங்கள். செங்குத்து நிற்க, கிடை மட்டும் நகர்ந்தால் பனிப் பரப்பு மாறியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் கருவியைச் சந்தேகிக்கலாம். ஒரு முழுப் பருவச் சுழற்சி கையில் வரும்வரை எந்தத் திருத்தத்தையும் தரவில் ஏற்றாதீர்கள். அலைவாங்கி வெப்பநிலையோடு ஆடும் பிழையும் ஆண்டுக்கொருமுறைதான் திரும்பி வரும், அரை ஆண்டுத் தரவில் அது சறுக்கல் மாதிரியே தெரியும்.